சிவப்பு விளக்கை எடுத்ததும் சார்ஜ் போனது ஏன்?

கேள்வி: ஐயா, என்னிடம் 1968 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் தொல்லை தாங்காமல் இரண்டு வருஷத்துக்கு முன் லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்னேட்டர் மாட்டினோம், நன்றாகவே ஓடியது. போன மாதம் டேஷ்போர்டை மரப்பலகையில் புதிதாகச் செய்து, ஆம்பியர் மீட்டர், ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் என்று மூன்று மீட்டர் வைத்தேன். ஆம்பியர் மீட்டர்தான் வந்துவிட்டதே என்று சார்ஜ் சிவப்பு விளக்கை எடுத்துவிட்டோம். அன்றிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் முள் மைனஸ் பக்கமே நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை ஓங்கி மிதித்தால் சட்டென்று பிளஸ்சுக்குத் தாவுகிறது. நண்பர் ஒருவர், விளக்குக்குப் போன இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்து முறுக்கிவிட்டார். இப்போது சார்ஜ் ஏறுகிறது, ஆனால் சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்பதில்லை! கியரில் போட்டு கிளட்சை விட்டுத்தான் அணைக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடினால் ஆம்பியர் மீட்டருக்குப் பின்னால் உள்ள ஒயர் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. போதாததற்கு பெட்ரோல் முள் ஃபுல்லைத் தாண்டி நிற்கிறது. ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கடைக்காரர் யாராவது புதிதாக ஒன்றை வாங்கச் சொன்னால் வாங்கிவிடாதீர்கள். ஆனால் முறுக்கிவிட்ட அந்த இரண்டு ஒயரையும் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பிரித்த முனைகளில் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் வேண்டாம் என்று எடுத்துப் போட்ட அந்தச் சின்ன பல்ப் வெறும் விளக்கு இல்லை. சார்ஜ் சர்க்யூட்டில் அதுவும் ஒரு பாகம். டைனமோ இருந்த காலத்தில் அது வெறும் விளக்காகத்தான் இருந்தது. அதனால்தான் பழைய ஆட்கள் பலரும், நான் தொழில் கற்றுக்கொண்ட இடம் உட்பட, அதைப் பெரிதாக மதிப்பதில்லை.

டைனமோவின் இரும்புக் கட்டைகளில் எப்போதும் கொஞ்சம் காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் சுருள்) சுற்ற ஆரம்பித்ததும் அந்தக் கொஞ்சத்தை வைத்துச் சிறிது கரண்ட் உண்டாகி, அது ஃபீல்டு சுருளுக்குள் போய்க் காந்தத்தைக் கூட்டி, தானாகவே எழுந்துவிடும். யாரும் கைகொடுக்க வேண்டாம். விளக்கின் ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்ச், மறு பக்கம் டைனமோவின் ‘டி’ முனை. சுற்றாமல் இருக்கும்போது ‘டி’ முனை ஆர்மேச்சர் வழியே எர்த் ஆகிவிடுவதால், அதாவது வண்டி உடலோடு சேர்ந்துவிடுவதால், விளக்கு எரியும். டைனமோ கரண்ட் கொடுக்கத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே வோல்ட், அதனால் அணைந்துவிடும். பல்ப் பியூஸ் ஆனாலும் சார்ஜ் நிற்காது.

ஆல்டர்னேட்டர் அப்படி இல்லை. அதில் சுற்றுவது காந்தம்தான், அதாவது ரோட்டர். கரண்ட் கொடுத்தால்தான் அது காந்தம். கொடுக்காவிட்டால் மிச்சமிருக்கும் காந்தம் மிகவும் சொற்பம். அந்தச் சொற்பத்தில் பிறக்கும் வோல்ட், டயோடுகளையும் (கரண்டை ஒரே திசையில் விடுபவை), ரெகுலேட்டரில் (வோல்ட்டைக் கட்டுக்குள் வைப்பது) உள்ள டிரான்சிஸ்டரையும் தாண்டுவதற்கே போதாது. ஆகவே முதல் தள்ளு வெளியிலிருந்து வர வேண்டும். சாவியைத் திருப்பியதும் இக்னிஷனிலிருந்து கிளம்பும் கரண்ட், சிவப்பு பல்ப் வழியாக ஆல்டர்னேட்டரின் ‘ஐஎன்டி’ (IND, எச்சரிக்கை விளக்குக்கான) முனைக்குப் போய், கார்பன் பிரஷ், ரோட்டர், ரெகுலேட்டர் என்று கடந்து எர்த்தைச் சேர்கிறது. 12 வோல்ட், 2.2 வாட் பல்ப் என்றால் 0.18 ஆம்பியர்தான். ஆனால் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ள அது போதும். விழித்த பிறகு உள்ளேயே இருக்கும் மூன்று சின்ன டயோடுகள் ரோட்டருக்கு வேண்டிய கரண்டைத் தாங்களே கொடுத்துக்கொள்ளும். ‘ஐஎன்டி’ முனையும் பேட்டரி வோல்ட்டுக்கு வந்துவிடும், விளக்கு அணைந்துவிடும்.

விளக்கை எடுத்ததும் அந்த முதல் தள்ளு போய்விட்டது. ஓங்கி மிதித்தபோது சார்ஜ் வந்ததற்குக் காரணமும் இதுதான். வேகம் கூடினால் அந்தச் சொற்ப காந்தமே தேவையான வோல்ட்டை எட்டிப் பிடித்துவிடுகிறது. ஒருமுறை எழுந்துவிட்டால் இன்ஜினை அணைக்கும் வரை படுக்காது. இந்த அடையாளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மிதித்தால்தான் சார்ஜ் என்று யாராவது சொன்னால், நான் ஆல்டர்னேட்டரைத் தொடுவதற்கு முன்னால் பல்பைத்தான் பார்ப்பேன்.

அடுத்தது உங்கள் நண்பரின் வைத்தியம். பல்ப் இல்லாமல் நேராகச் சேர்த்தால் முதல் தள்ளு கிடைக்கும், உண்மை. ஆனால் 0.18 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 3 ஆம்பியர் போகும், ஏனென்றால் ரோட்டரின் தடை சுமார் 4 ஓம்தான். சாவியை ஆன் செய்து வைத்துவிட்டு வண்டியை மறந்தால் பேட்டரி காலி. அதைவிடப் பெரிய வம்பு இன்ஜின் ஓடும்போது. ‘ஐஎன்டி’ முனையிலிருந்து 14 வோல்ட் திரும்பி இக்னிஷன் லைனுக்கே வருகிறது. நீங்கள் சாவியை எடுக்கிறீர்கள், ஆனால் ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயிலுக்குக் கரண்ட் ஆல்டர்னேட்டரிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது. இன்ஜின் எப்படி நிற்கும்? அந்த நேரத்தில் காயில், வைப்பர், மீட்டர்கள் எல்லாவற்றின் சுமையையும் அந்த மூன்று சின்ன டயோடுகள் தாங்குகின்றன. அவை அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. இப்படி நீங்கள் ஒவ்வொரு முறை கிளட்சை விட்டு அணைக்கும்போதும் அவற்றுக்கு ஒரு அடி. அதனால்தான் முதல் வேலையாகப் பிரிக்கச் சொன்னேன்.

இந்தக் குழியில் விழுவது நாம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1960-களின் செவர்லே கார்களில் எச்சரிக்கை விளக்கை எடுத்துவிட்டு மீட்டர் வைப்பவர்களுக்கும் இதேதான் நடக்கும். அந்த வண்டிகளில் விளக்குக்குப் பக்கவாட்டில் (பேரலலாக) 10 ஓம் அளவுக்குத் தடை உள்ள ஒயர் ஒன்றைக் கம்பெனியிலேயே போட்டிருந்தார்கள். மீட்டரோடு விற்ற மாடல்களில் விளக்கு கிடையாது, ஆனால் தடை ஒயர் மட்டும் அப்படியே இருக்கும். அதாவது விளக்கை எடுக்கலாம், தடையை எடுக்கக் கூடாது. (அந்த 10 ஓமை அப்படியே உங்கள் வண்டிக்குக் கொண்டு வராதீர்கள். அவர்களுடைய ரெகுலேட்டர் அமைப்பு வேறு.)

உங்களுக்கு இரண்டு வழி. எனக்குப் பிடித்தது விளக்கையே திரும்ப வைப்பது. மரப்பலகையில் ஒரு ஓரமாக அரை இன்ச் துளை போட்டு ஒரு சிவப்பு பைலட் லாம்ப். மீட்டரை எத்தனை பேர் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்? ஃபேன் பெல்ட் அறுந்தால் சிவப்பு விளக்கு கண்ணில் குத்தும், முள் குத்தாது. கடையில் வாங்கும்போது ஹோல்டரைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண பைலட் லாம்ப் பலவற்றில் ஒரு ஒயர்தான் வரும், மற்றது உடல் வழியாக எர்த். அது இங்கே உதவாது. இரண்டு ஒயரும் தனியாக வெளியே வர வேண்டும், இரண்டில் எதுவும் உடலைத் தொடக் கூடாது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஹோல்டர் உடலுக்கும் ஒவ்வொரு ஒயருக்கும் நடுவே தொட்டுப் பார்த்துவிட்டே மாட்டுங்கள். பல்ப் 12 வோல்ட், 2.2 வாட். எல்இடி போட்டால் அழகாக எரியும், சார்ஜ் வராது, ஏனென்றால் அது விடும் கரண்ட் மிகக் குறைவு.

விளக்கு வேண்டவே வேண்டாம், அல்லது எல்இடிதான் வேண்டும் என்றால் இரண்டாவது வழி: 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் வெள்ளை செராமிக் கட்டையாகக் கிடைக்கும், விலை சொற்பம். சாவி ஆனில் இன்ஜின் ஓடாமல் இருந்தால் அது சூடாகும், சுமார் 2 வாட். ஆகவே பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் ஒட்டாமல், காற்றுப் படும் இடத்தில் தகட்டில் கட்டுங்கள். இந்த ரெசிஸ்டர் வழியாகத் திரும்பி வரும் கரண்ட் 0.2 ஆம்பியர்தான். காயிலுக்கு மூன்று நான்கு ஆம்பியர் வேண்டும். அதனால் சாவியை எடுத்ததும் இன்ஜின் மரியாதையாக நின்றுவிடும். என் கைக்கு வரும் பழைய வண்டிகளில் பல்பும் வைத்து, அதோடு இந்த ரெசிஸ்டரையும் பக்கவாட்டில் சேர்த்துவிடுவேன். நடுவழியில் பல்ப் பியூஸ் ஆனாலும் சார்ஜ் வரும்.

விளக்கின் இக்னிஷன் பக்க ஒயரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். லூகாஸ் ஒயரிங்கில் வெள்ளை என்றால் இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராக வருவது, பச்சை என்றால் அது ஃபியூஸ் தாண்டி வந்தது, பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து சாவியைக் கேட்காமல் வருவது. வெள்ளையிலிருந்தே எடுங்கள். பச்சையிலிருந்து எடுத்தால் என்றைக்காவது வைப்பர் மோட்டார் ஃபியூஸை எரிக்கும்போது அடுத்த ஸ்டார்ட்டில் சார்ஜும் வராது. ஐம்பது வருஷ ஒயரில் நிறத்தை மட்டும் நம்பாமல், டெஸ்ட் லாம்ப் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி பழைய கட்-அவுட் பெட்டி, அதாவது டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பெட்டி. உங்கள் ஒயர் சுடுவதற்கு வருவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் மாட்டும்போது அந்தப் பெட்டியை வெறும் ஜங்ஷனாக்கி விட்டுவிடுவார்கள். அதில் ஏ, ஏ1, எஃப், டி, ஈ என்று எழுத்துகள் இருக்கும். முறையான மாற்றம் இப்படி இருக்கும்: ‘டி’-யில் இருந்த தடித்த ஒயர் ‘ஏ’, ‘ஏ1’ ஒயர்களோடு சேர்ந்து ஆல்டர்னேட்டரின் பெரிய பிளஸ் முனைக்குப் போகும். ‘எஃப்’-இல் இருந்த மெல்லிய ஒயர், விளக்கிலிருந்து வரும் ஒயரோடு சேர்ந்து ‘ஐஎன்டி’-க்குப் போகும். பெட்டிக்குள் இருக்கும் பழைய சுருள்கள் எதிலும் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. சுருள்களை அப்படியே விட்டு வெளியில் மட்டும் மாற்றிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க ஆளில்லாமல் பேட்டரி இறங்கும், காரணம் யாருக்கும் பிடிபடாது.

இங்கேதான் உங்கள் சூடும் இருக்கிறது. அந்தக் காலத்து சி40 வகை டைனமோ கொடுத்தது 22 ஆம்பியர். ஒயரை அதற்கு ஏற்றபடிதான் போட்டார்கள். லூகாஸின் ஏசிஆர் வரிசை ஆல்டர்னேட்டரில் 16ஏசிஆர் என்றால் 34, 17ஏசிஆர் என்றால் 36 ஆம்பியர் வரை வரும். உங்கள் பேட்டரி இந்த ஒரு மாதமாகப் பாதிப் பட்டினி. காலையில் ஸ்டார்ட் ஆனதும் பசியோடு 25, 30 ஆம்பியரை இழுக்கிறது. அத்தனையும் டேஷ்போர்டு வரை வந்து, ஆம்பியர் மீட்டர் வழியே புகுந்து, திரும்பவும் பேட்டரிக்குப் போகிறது. மெல்லிய ஒயரும் சரியாக அழுத்தாத லக்கும் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) சேர்ந்தால் சுடாமல் என்ன செய்யும்? மீட்டர் 30-0-30 (இரண்டு பக்கமும் 30 ஆம்பியர் வரை காட்டுவது) என்றால் அதன் எல்லையும் கிட்டத்தட்ட அதுவேதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருஷம் முன்னால் ஒருவர் பழைய அம்பாசடர் ஒன்றைக் கொண்டு வந்தார். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஆம்பியர் மீட்டரின் நட் தளர்ந்து, லக் நழுவி, தகட்டில் உரசியிருந்தது. அந்த லைனில் ஃபியூஸ் கிடையாது. பேட்டரியின் முழுக் கரண்டும் அங்கே. ஒயரின் ரப்பர் உருகி, பக்கத்தில் இருந்த ஏழெட்டு ஒயர்களோடு சேர்ந்து ஒரே கயிறாகிவிட்டது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோதே புகை வந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து பேட்டரி லக்கைப் பிடுங்கியதால் தப்பினார். உள்ளங்கையில் தழும்பு இருந்தது. அமெரிக்காவில் 1960, 70-களின் கிரைஸ்லர் கார்களிலும் முழுக் கரண்டும் டேஷ்போர்டு ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் போகும், நடுவில் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் இடையே உள்ள தகடு) இருக்கும் பிளாஸ்டிக் பிளக் உருகுவது அந்த வண்டிக்காரர்களுக்குப் பழகிய தலைவலி.

அதனால் என் யோசனை: ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு அதே துளையில் வோல்ட் மீட்டர் வையுங்கள். மெல்லிய ஒயர் இரண்டு போதும், ஒன்று ஃபியூஸ் தாண்டிய இக்னிஷன் லைன், மற்றது எர்த். பெரிய கரண்ட் உட்காரும் இடத்துக்கு வரவே வராது. பேட்டரியின் நிலைமையையும் அதுதான் நேராகச் சொல்லும். இன்ஜின் அணைந்திருக்கையில் 12.6 வந்தால் நிறைந்த பேட்டரி, 12.2 வந்தால் பாதி. ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே நின்றால் நிம்மதி. 13-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆம்பியர் மீட்டரில் இருந்த இரண்டு தடித்த ஒயரையும் வோல்ட் மீட்டரின் இரண்டு முனையில் மாட்டிவிடாதீர்கள், வண்டியில் எதுவுமே வேலை செய்யாது. அந்த இரண்டையும் நட் போல்ட் போட்டு இறுக்கிச் சேர்த்து, மேலே தடித்த ஸ்லீவ் போட்டு மூடுங்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சொலினாய்டின் பேட்டரி முனைக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. நடுவில் ஒரு 50 ஆம்பியர் ஃபியூஸ்.

பழைய ஆம்பியர் மீட்டரின் அழகு உங்களை விடவில்லை என்றால், 60-0-60 வாங்குங்கள், இரண்டு பக்கமும் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர், லக்கை அழுத்திப் பற்றவும் வையுங்கள், ஸ்டட் மேல் ரப்பர் மூடி. ஆனால் அப்போது மேலே சொன்ன தனி ஒயரைச் சொலினாய்டுக்கு இழுக்கக் கூடாது. ஆல்டர்னேட்டர் ஒயர் மீட்டரின் பேட்டரி பக்கத்தில் சேர்ந்தால் முள் எந்நேரமும் மைனஸ்தான் காட்டும், வண்டி நன்றாகச் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தாலும். மீட்டரின் சுமைப் பக்கத்தில்தான், அதாவது விளக்கு, காயில் எல்லாம் இணையும் பக்கத்தில்தான், சேர வேண்டும்.

பெட்ரோல் முள் ஃபுல்லைத் தாண்டுவதற்கும் சார்ஜுக்கும் சம்பந்தம் இல்லை, மரப்பலகைக்குத்தான் சம்பந்தம். சாவியைத் திருப்பியதும் உங்கள் முள் மெதுவாக ஏறும் வகைதானே? அப்படியென்றால் ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் சின்னத் தகட்டுப் பெட்டி ஒன்று இருக்கும். அது 12 வோல்ட்டை விட்டுவிட்டுக் கொடுத்துச் சராசரியாக 10 வோல்ட் ஆக்கும் ஸ்டெபிலைசர். அதன் உடல் எர்த் ஆனால்தான் அந்த விட்டுவிட்டு வரும் வேலை நடக்கும். மரத்தில் உட்கார வைத்ததும் எர்த் போய்விட்டது, முழு வோல்ட்டும் மீட்டருக்குள் போகிறது. ஸ்பீடோமீட்டரின் உடலிலிருந்து வண்டித் தகட்டுக்கு ஒரு கருப்பு ஒயர் போட்டால் முள் இறங்கிவிடும். நீங்கள் புதிதாக வாங்கிய டெம்பரேச்சர் மீட்டர் நேராக 12 வோல்ட்டுக்குச் செய்த வகை என்றால் அதை இந்த ஸ்டெபிலைசரில் சேர்க்காதீர்கள், வெந்நீரையும் பச்சைத் தண்ணீராகக் காட்டும்.

வேலை முடிந்ததும் இப்படிப் பாருங்கள். (பேட்டரி லக்கைக் கழற்றிவிட்டுத்தானே இதுவரை கை வைத்தீர்கள்?) சாவி ஆன், இன்ஜின் ஆஃப்: விளக்கு பிரகாசமாக எரிய வேண்டும். எரியாவிட்டால் ‘ஐஎன்டி’ பிளக்கைக் கழற்றி அந்த ஒயரை எர்த்தில் தொடுங்கள். அப்போது எரிந்தால் கோளாறு ஆல்டர்னேட்டருக்குள், பெரும்பாலும் தேய்ந்த கார்பன் பிரஷ். அப்போதும் எரியாவிட்டால் பல்பும் ஒயரும்தான். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், மிதிக்காமலே விளக்கு அணைய வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டு லேசாக வேகம் கொடுத்து பேட்டரியில் 13.8-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். சாவியை எடுங்கள், இன்ஜின் உடனே நிற்க வேண்டும். டைனமோ நாட்களில் பெரிய முனை ஒயரைக் கழற்றி பாடியில் உரசிப் பொறி பார்க்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. யாரையும் இந்த வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி லக்கைக் கழற்றுவதும் கூடாது. இரண்டிலும் டயோடு போகும்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஓடும்போது விளக்கு மினுக்கென்று மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், கடந்த ஒரு மாதத்தில் அந்தச் சின்ன டயோடுகளில் ஒன்று போயிருக்கலாம். அப்போது ஆல்டர்னேட்டரைக் கழற்றி பெஞ்சில் வைத்துச் சோதிப்பவரிடம் கொண்டு போங்கள். டயோடு செட்டை மட்டும் மாற்றினால் போதும், முழு ஆல்டர்னேட்டருக்குப் பணம் கட்ட வேண்டாம்.